மூன்றாம் பக்கத்தில் ஓர் இல்லை

அக்கா, அந்த அம்புக்குறியைத் தொட்டுவிடாதீர்கள். பின்னால் போகிற அம்பு. தொட்டால் ஒன்றும் ஆகாது, இப்போது சரிசெய்துவிட்டோம். இருந்தாலும் தொடாமல் இருந்தால் நல்லது. பயம் என்று சொல்லமாட்டேன், ஜாக்கிரதை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் போனை எட்டிப் பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலி, கண் போய்விடுகிறது. அதுவும் நீங்கள் நிரப்பிக்கொண்டிருப்பது நான் செய்த ஃபாரம். ஆமாம், இந்த கிளினிக்கில் டோக்கன் வேண்டுமானால் போனில் ஐந்து பக்கம் நிரப்பச் சொல்கிறார்களே, அதுதான். வண்ணார்பேட்டையில் ஒன்பது பேர் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் அங்கேதான். என் பேர் ஜெசிந்தா. பிள்ளை பிறந்து ஒன்றேகால் வருஷம் வீட்டில் இருந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்தேன். இன்றைக்குத்தான் முழுசாக ஆபீசுக்குத் திரும்புகிற முதல் நாள். ஒன்பதரைக்குப் போயிருக்கவேண்டும். போகிற வழியில் இறங்கி, இது ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

இல்லை, பிள்ளையைக் கூட்டிவரவில்லை. மிரியம் பேர், மிரி என்று கூப்பிடுவோம். அவள் வீட்டில் என் மதினியிடம் இருக்கிறாள். என் வீட்டுக்காரருடைய அக்கா. அந்தக் கதையைச் சொல்லத்தான் எனக்கு வாய் துறுதுறு என்கிறது. நீங்கள் நிரப்புங்கள், நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் இந்தப் பக்கங்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும். இவற்றுக்கு ஞாபகம் கிடையாது. தாலுகா ஆபீசில் முதல் ஜன்னலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இரண்டாம் ஜன்னலுக்குப் போனால் அங்கே இருக்கிறவர் தலையை நிமிர்த்தி, யாரும்மா நீ, என்ன வேணும் என்பார் இல்லையா, அப்படி. முதல் பக்கத்தில் பிள்ளை பேரைச் சொல்லியிருப்பீர்கள். இரண்டாம் பக்கத்துக்கு அது தெரியாது. மூன்றாம் பக்கத்துக்கு இரண்டும் தெரியாது. அதனால் நாங்கள் என்ன செய்கிறோம், நீங்கள் சொன்னதையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி, மேலே ஒரு அடையாளம் ஒட்டி, ஓரிடத்தில் வைத்துவிடுகிறோம். அடுத்த பக்கம் அந்த அடையாளத்தைச் சொல்லி மூட்டையை வாங்கி, தன் பங்குக்கு நாலு விஷயத்தை உள்ளே போட்டு, மறுபடி கட்டி வைக்கிறது. இப்படியே ஐந்தாம் பக்கம் வரை. கடைசியில் மூட்டையைப் பிரித்துச் சீட்டாக அச்சடித்து டாக்டர் மேசைக்கு அனுப்பிவிடும்.

இந்த மூட்டை வேலை என்னுடையது. மற்றதை மற்றவர்கள் செய்தார்கள். எனக்கு இது கான்வென்டிலேயே பழக்கம். சிஸ்டர் ரோஸலின் ஒரு துண்டுச் சீட்டை மடித்து என் கையில் கொடுத்து மாடியில் ஏழு பி-க்குக் கொண்டுபோகச் சொல்வார். நான் பிரித்துப் பார்க்கமாட்டேன், வழியில் நின்று பேசமாட்டேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சிஸ்டர் வாசித்துத் தலையாட்டுகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளில் என்னைத்தான் கூப்பிடுவார்.

அந்த மூட்டைக்கு ஒட்டுகிற அடையாளம் என்ன வைக்கலாம் என்று எங்கள் முதலாளி கேட்டார். நான் யோசிக்கவே இல்லை, போன் நம்பர் சார் என்றேன். பேர் ஒன்றுபோல இருக்கும், பிறந்த தேதி ஒன்றுபோல இருக்கும், போன் நம்பர் ஆளுக்கு ஒன்றுதானே. அவரும் சரி என்றுவிட்டார். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம் அக்கா, ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. அதைத்தான் நான் சொல்கிறேன், ஒருத்தரை மட்டும் குற்றம் சொல்லமுடியாது.

நீங்கள் மூன்றாம் பக்கம் வந்துவிட்டீர்களா? ‘ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதேனும் உண்டா’, அதுதான். நிதானமாக யோசித்துப் போடுங்கள். இல்லையா? நிச்சயமாக இல்லையா? சரி. உங்களுக்குப் பாக்கியம்.

எங்கள் மிரிக்கு உண்டு. ஒன்பதாம் மாசம் காதுவலி என்று வேறொரு டாக்டரிடம் போய் ஒரு மருந்து எழுதிவாங்கினோம். இளஞ்சிவப்பாக இருக்கும், வாழைப்பழ மிட்டாய் வாசம். மறுநாள் காலை நான் குளிக்கப் போனேன். ஏழு நிமிஷம். அதற்குமேல் நான் குளிப்பதில்லை. வெளியே வந்தால் பிள்ளையின் உதடு வீங்கியிருக்கிறது, கழுத்தெல்லாம் தட்டுத்தட்டாகச் சிவப்பு. மதினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள். ஆட்டோ பிடித்து ஓடி, ஊசி போட்டு, சாயங்காலம் வரை வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இந்த வகை மருந்தே இனிமேல் கூடாது என்று பெரிய டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

மருந்தைக் கொடுத்தது மதினி கை. நான் குறை சொல்லவில்லை. டாக்டர் எழுதினதை, சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தாள். ஆனால் கொடுத்தது அவள் கைதான். நான் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் நான் பெருந்தன்மையாக இருந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

அதற்கப்புறம் அந்த மருந்துப் பேர்களை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். பிள்ளையின் பையில் ஒன்று, என் பர்சில் ஒன்று, காலண்டருக்குப் பின்னால் ஒன்று. என் வீட்டுக்காரர் ஃபெலிக்ஸ் சட்டைப்பையில் ஒன்று வைத்தேன், அது சலவையில் கூழாகிவிட்டது. எல்லாம் ஆங்கிலத்தில் எழுதினேன், அப்போதுதான் எழுத்துப் பிழை வராது. மதினி தமிழில் படித்தவள், ஆனால் அவள் அதை வாசிக்கவேண்டிய அவசியம் என்ன? நான்தான் இருக்கிறேனே. இந்த ஃபாரத்தில் மூன்றாம் பக்கம் என்று ஒன்று வேண்டுமென்று ஆபீசில் நின்று சண்டை போட்டதும் நான்தான். முதலில் நாலு பக்கம்தான் இருந்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இரண்டு மாசம் ஆகிறது. மிரிக்குச் சளி, காய்ச்சல். மதினி பையன் ஜோவினுக்கும் அதே. அவனுக்கு மூன்றரை வயசு, ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொண்டது. மதினி வீட்டுக்காரர் கப்பலில் வேலை. வருஷத்தில் எட்டு மாசம் தண்ணீரில், அதனால் மதினியும் ஜோவினும் எங்களோடுதான் இருக்கிறார்கள். காலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஃபாரம் நிரப்பினோம். மதினி அடுக்களையில் போனை வைத்துக்கொண்டு, நான் முன்னறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு.

முதல் பக்கத்தில் போன் நம்பர் கேட்கும். நான் ஃபெலிக்ஸ் நம்பரைப் போட்டேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? நீங்களும் அதைத்தானே செய்தீர்கள், பார்த்தேன். ‘அவங்க நம்பரைப் போட்டுருதேன்’ என்று உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு போட்டீர்கள். நம் பக்கத்தில் யார் தன் நம்பரைப் போடுகிறார்கள்? பொம்பளைப் பிள்ளைகள் கண்ட இடத்தில் நம்பர் கொடுக்கக்கூடாது என்று எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிவைத்தார்கள். கேஸ், வங்கி, துணிக்கடை எல்லாவற்றுக்கும் ஃபெலிக்ஸ் நம்பர்தான். கை தானாகப் போகிறது.

மதினி கையும் தானாகத்தான் போயிருக்கிறது. அவள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துக்குத் துறைமுகம் நம்பர் மாறும். தன் நம்பரைக் கொடுத்தால் கண்டவனும் கூப்பிடுவான். அதனால் தம்பி நம்பர். பள்ளிக்கூடத்தில், ரேஷனில், எல்லா இடத்திலும் ஃபெலிக்ஸ் நம்பர்.

புரிந்துவிட்டதா? அடுக்களையில் ஒரு ஃபாரம், முன்னறையில் ஒரு ஃபாரம், இரண்டுக்கும் ஒரே மூட்டை.

மதினிதான் முதலில் ஆரம்பித்தாள். ஜோவின் பேரைப் போட்டாள். பின்னால் ஆரம்பித்த நான் மிரி பேரைப் போட்டேன், ஜோவின் பேர் அழிந்துவிட்டது. நான் விறுவிறு என்று எடை ஒன்பது கிலோ என்று போட்டு, மூன்றாம் பக்கத்தில் ‘ஆம்’ என்று தொட்டு, ஏழு மருந்துப் பேரையும் எழுதி, நாலாம் பக்கம் போனேன். ‘என்ன தொந்தரவு’ என்று கேட்கிற பக்கம். அங்கே கொஞ்சம் விளக்கமாக எழுதினேன். எத்தனை மணிக்குத் தும்மினாள், எந்த மூக்கில் அடைப்பு, அது மாதிரி. ஒரு பன்னிரண்டு வரி. அந்த நேரத்தில் மதினி அடுக்களையில் ஒவ்வொரு பக்கமாக மெதுவாகப் பின்னாலேயே வந்து எடை பதினாலு கிலோ என்று போட்டு, மூன்றாம் பக்கத்தில் ‘இல்லை’ என்று தொட்டிருக்கிறாள். என்னுடைய ஏழு பேரும் போச்சு. நான் பன்னிரண்டு வரியையும் எழுதி முடித்து ஐந்தாம் பக்கம் போய் நேரம் வாங்கினேன். மதினி நாலாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டாள். குழம்பு கொதித்துவிட்டதாம். ‘நான் அங்க வந்து வாயால சொல்லிக்கிடுதேன்’ என்றாள்.

ஆக, டாக்டர் மேசைக்குப் போன சீட்டு ஒன்றுதான். பேர் மிரியம். எடை பதினாலு கிலோ. ஒத்துக்கொள்ளாத மருந்து: இல்லை.

அன்றைக்கு இந்த ஹாலில் நிற்க இடமில்லை. உள்ளே கூப்பிட்டார்கள், போனோம். சீட்டு மேசைமேல் இருந்தது. நான் அதைப் பார்த்தேன் அக்கா. பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். கிளினிக் பேருக்குப் பக்கத்தில் இருக்கிற படம் இடதுபக்கம் ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றது. கிங்ஸ்லியிடம் மூன்று தடவை சொல்லியும் நடுவில் வைக்கவில்லை. எங்கள் ஆபீஸ் பையன், அச்சு வேலை அவனுடையது. எனக்கு எரிச்சலாக வந்தது. டாக்டர், ‘பாப்பாவுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?’ என்று கேட்டார். ‘எல்லாம் அதுல இருக்கு டாக்டர்’ என்றேன். ஒரு பெருமைதான். நான் கட்டினதை நானே நம்பாவிட்டால் ஊரில் யார் நம்புவார்கள்? அவர் சீட்டைப் பார்த்து எழுதினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வெளியே அந்த மூலையில் மருந்து கொடுக்கிறார்களே, அங்கேதான் நடந்தது. காய்ச்சல் இருக்கிறது, முதல் அளவை இங்கேயே கொடுத்துவிடலாம் என்று நர்ஸம்மா பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூடியில் ஊற்றினார்கள். மிரி மதினி இடுப்பில், ஜோவின் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் பையில் கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தேன். மதினி மூடியைக் கையில் வாங்கினாள். மூக்குப் பக்கம் கொண்டுபோனாள். அப்படியே நின்றுவிட்டாள்.

‘ஏ ஜெசி, இது அந்த வாழைப்பழ வாசம்லா’ என்றாள்.

‘மதினி, அது வேற மருந்து. பேரப் பாருங்க’ என்றேன். பாட்டிலில் நிஜமாகவே வேறு பேர்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

‘பேரு என்னவும் இருக்கட்டும். இது அதுதான்.’

‘டாக்டர்ட்ட எல்லாம் சீட்டுல போயிருக்கு மதினி. ஆகாததுன்னா அவரு எழுதியிருக்கவே மாட்டாரு. குடுங்க.’

ஆமாம், குடுங்க என்று சொன்னேன். ஹாலில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது நான் செய்த ஃபாரம் என்று ரிசப்ஷனில் எல்லாருக்கும் தெரியும். என் முகம் எப்படி இருந்திருக்கும்?

‘சீட்ட நீ வச்சுக்க’ என்றாள் மதினி. அந்த மூடியை நர்ஸம்மா கையில் வைத்துவிட்டு, பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, மிரியையும் தூக்கிக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போய்விட்டாள். டோக்கன் இல்லை, ஒன்றுமில்லை. உள்ளே ஒரு ஆச்சி பேரனைப் படுக்கவைத்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இவள் நடுவில் போய், ‘டாக்டர், இதுல அந்தப் பழைய மருந்து இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க முதல்ல’ என்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை போல இருந்தது. ஒரு முறை வேண்டாமா அக்கா? கதவைத் தட்டவாவது வேண்டாமா?

இருந்தது. அதே மருந்துதான், வேறு கம்பெனி. அளவும் பதினாலு கிலோவுக்கு உண்டானது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறு மருந்து எழுதிக்கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. மதினி அந்த நேரத்தில் அங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று. யாராவது இருந்திருப்பார்கள்.

வந்துவிட்டதா டோக்கன்? இருபத்தாறு. இப்போது பத்தொன்பதுதான் உள்ளே இருக்கிறது. நேரம் இருக்கிறது, பையனைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கை மரத்துப்போகும்.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். லீவில் இருக்கிறவள் வந்து நின்றதும் எல்லாரும் ஸ்வீட்டா அக்கா என்று கேட்டார்கள். நான் நேராக கிங்ஸ்லியிடம் போனேன். மூன்றாம் பக்கம் அவன்தான் வரைந்தது.

‘உன் பக்கம் என் பிள்ளையோட ஏழு மருந்தையும் தின்னுருச்சு’ என்றேன்.

அவன் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு உள்ளே போய்த் தேடினான். யார் எப்போது எந்தப் பக்கத்தில் என்ன தொட்டார்கள் என்று வரிவரியாக இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்தான்.

‘அக்கா, ஒரே நம்பர்ல ரெண்டு பேரு போட்டிருக்காங்க. நீங்க மூணாம் பக்கத்த ‘ஆம்’னு முடிச்சு நாப்பது செகண்ட் கழிச்சு இன்னொருத்தங்க ‘இல்லை’னு தொட்டிருக்காங்க. இந்த நம்பர் யாரோடது?’

‘எங்க வீட்டுக்காரர் நம்பர்.’

‘அந்த இன்னொருத்தங்க?’

‘எங்க மதினி. அவங்க போட்டதும் எங்க வீட்டுக்காரர் நம்பர்தான்.’

அவன் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான். ‘அப்போ மருந்த அண்ணனுக்குத்தான் குடுத்திருக்கணும்’ என்றான்.

வாய் ஜாஸ்தி அவனுக்கு. ஆனால் பையன் கெட்டிக்காரன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லா நம்பரையும் எடுத்துவிட்டான். மொத்தம் அறுநூற்றுச் சொச்சம் நம்பர். அதில் நூற்றுநாற்பத்துமூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள். கொழுந்தியாள் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பிள்ளை, அண்ணன் பிள்ளை. ஒரே ஒரு நம்பரில் பதினோரு பிள்ளைகள், அது ஒரு அங்கன்வாடி டீச்சர் நம்பர். இந்த ஊரில் ஒருவர் நம்பர் அவருடையது இல்லை அக்கா. அது தெரியாமல் நான் என்ன செய்யமுடியும்?

நூற்றுநாற்பத்துமூன்று வீட்டுக்கும் நான்தான் போன் செய்தேன். மூன்று நாள். உங்கள் பிள்ளைக்கு ஆகாத மருந்து ஏதாவது உண்டா என்று கேட்கவேண்டும். கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? நம்பருக்குச் சொந்தக்காரர். அவர் டவுனில் கடையில் இருப்பார், இல்லையென்றால் லாரியில் போய்க்கொண்டிருப்பார். ‘தெரியாதும்மா, வீட்ல கேட்டாத்தான் தெரியும்’ என்பார். வீட்டில் நம்பர் என்ன என்றால், ‘எதுக்கும்மா?’ என்பார். நூற்றுநாற்பத்துமூன்றில் ஒரு தகப்பனாருக்குத் தெரிந்திருந்தது. அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எப்படியோ, ஒவ்வொரு வீடாகத் தேடிப் பிடித்துவிட்டோம். இரண்டு பிள்ளைகளுக்கு மாறியிருந்தது. இரண்டும் சின்ன விஷயம், நல்லவேளை.

இப்போது போன் நம்பரை ஒட்டுவதில்லை. நீங்கள் ஃபாரத்தைத் திறந்ததுமே அதற்கென்று ஒரு புது எண் பிறந்துவிடும். நீங்கள் அதைப் பார்க்கமாட்டீர்கள், ஆனால் அதுதான் ஐந்து பக்கமும் கூட வருகிறது. ஒரு வீட்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து நிரப்பினாலும் பத்து மூட்டை. கடைசியில் மூன்றாம் பக்கத்தில் போட்டதை ஒருமுறை உங்களுக்கே காட்டிக் கேட்கும். யோசனை கிங்ஸ்லியுடையது, நான் ஒத்துக்கொண்டேன்.

சரி, ஃபாரம் சரியாகிவிட்டது. நான் ஆபீசுக்குத் திரும்பவேண்டுமே, பிள்ளையை யார் பார்ப்பது? ஃபெலிக்ஸ் ஒரே வார்த்தையில், ‘அக்கா பாத்துக்கிடுவா’ என்று முடித்துவிட்டார். ஆம்பிளைகளுக்கு எல்லாம் ஒரே பக்கம்தான். ஜோவினும் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், மதினிக்கு மத்தியானம் வரை வேலை கிடையாது என்றார். நான் ஒரு காப்பகம் போய்ப் பார்த்தேன். நல்ல இடம், சுவரில் கேமரா இருக்கிறது, சேர்ப்பதற்கு நாலு பக்க ஃபாரம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு ஆயாவுக்கு எட்டுப் பிள்ளை. மதினிக்கு ஒன்று. கணக்குப் பார்த்தால் மதினிதான்.

ஆனால் சும்மா விட்டுவிட்டு வரமுடியுமா? மதினிக்காகவே ஒரு சின்ன ஃபாரம் செய்தேன். ஆறு பக்கம். தமிழில்தான். பால் குடித்தாளா, எத்தனை மில்லி, தூங்கினாளா, உடம்பு சூடு எவ்வளவு, தடிப்பு ஏதாவது உண்டா. ஒரு பக்கம் முடிக்காமல் அடுத்த பக்கம் போகவிடாது. அதை அவள் முடிக்க முடிக்க என் போனுக்கு வரும். போன வாரம் சோதித்துப் பார்த்தோம். காலை எட்டு ஐந்துக்கு எனக்கு ஆறு பக்கமும் வந்துவிட்டது. மத்தியானம் சோறு சாப்பிட்டாள், ஆம். சாயங்காலம் தூங்கி எழுந்தாள், ஆம்.

‘என்ன மதினி இது?’ என்றேன்.

‘எல்லாத்தையும் காலையிலயே முடிச்சிட்டேன். பெறவு பிள்ளையப் பாக்கணும்லா’ என்றாள்.



இன்றைக்குக் காலையில் கிளம்பும்போது மிரி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் ஒரு ஆட்டுக்குட்டி நின்றது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லதுதான், அழுதால் எனக்குக் கஷ்டம். பஸ்ஸில் ஏறி வண்ணார்பேட்டைக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். இந்த நிறுத்தம் வந்தது, இறங்கிவிட்டேன். ஃபாரம் ஓடுகிறதா என்று பார்க்க.

அது ஆபீசிலிருந்தே பார்க்கலாம்தான். உண்மை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். வீட்டிலிருந்து இந்த கிளினிக்குக்கு ஆட்டோவில் ஆறு நிமிஷம். ஆபீசிலிருந்து இங்கே வர இருபத்தைந்து நிமிஷம், பாலத்தில் நெரிசல் என்றால் நாற்பது. ஏதாவது ஒன்று என்றால் மதினி இங்கேதான் தூக்கிக்கொண்டு வருவாள். வந்ததும் டாக்டர் கேட்பாரே, என்ன ஆகாது, என்ன கொடுத்தீர்கள் என்று. அந்த ஏழு பேரையும் சொல்ல ஆள் வேண்டாமா? நான் முதலிலேயே இங்கே இருந்துவிட்டால் அந்த இருபத்தைந்து நிமிஷம் மிச்சம். அவ்வளவுதான். வேறொன்றுமில்லை. எட்டே முக்காலிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு நிமிஷம் அக்கா, போன். மதினிதான். இந்தச் சத்தத்தில் காது கேட்காது, ஸ்பீக்கரில் போடுகிறேன்.

‘மதினி, என்ன, என்ன ஆச்சு?’

‘ஒண்ணும் ஆவலட்டி. எங்க இருக்க?’

‘ஆபீஸ்ல.’

‘சரி. நேத்து மருந்துக்கடை வரைக்கும் போனேன். நீ ஃப்ரிட்ஜுல ஒட்டியிருந்தத எடுத்துட்டுப் போயி, அந்தத் தம்பிய வாசிக்கச் சொல்லித் தமிழ்ல எழுதி வாங்கிட்டு வந்தேன். ராத்திரிலேர்ந்து நெட்டுரு போடுதேன். சொல்லுதேன், சரியான்னு கேளு.’

‘இப்பவா மதினி?’

‘இப்பத்தான். பிள்ள பருப்புசாதம் தின்னுட்டு உக்காந்திருக்கா, வாய்ப்புக் கெடச்சிருக்கு. பெனிசிலின். ஆம்பிசிலின். அமாக்சிசிலின்.’

‘ம்.’

‘அதோட அந்தப் பொட்டாசியம்னு சேத்து ஒண்ணு. கிளாக்சாசிலின். இன்னும் ஒண்ணு பி-ல வரும், இரு, பிப்பரா…’

‘பிப்பராசிலின்.’

‘பிப்பராசிலின். அந்தத் தம்பி சொல்லிச்சு, வெளிய பெருசா என்ன பேரும் போட்டிருப்பான், அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கத வாசிக்கச் சொல்லிக் கேக்கணும்னு. கேப்பேன். டாக்டரக் கேக்காம எதுவும் வாயில வைக்க மாட்டேன். வாசமும் பாத்துக்கிடுவேன். ஆறாச்சா?’

‘ஏழாவது ஒண்ணு இருக்கு மதினி. செஃபலெக்சின். அது இதோட சொந்தக்காரன் மாதிரி. அதையும் கேட்டுத்தான் குடுக்கணும்னு பெரிய டாக்டர் சொன்னாரு.’

‘செஃபலெக்சின். செஃபலெக்சின். சரி, ஏழு. இனி நீ இல்லன்னாலும் எனக்குத் தெரியும்லா?’

‘கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மதினி.’

‘ஏ புள்ள, தெரியும்லா?’

‘தெரியும் மதினி.’

‘அழாத. பிள்ள அழல, நீ அழுத. அங்க யாரோ ‘டோக்கன் இருபத்தாறு’ன்னு கத்துதாங்களே, அது உன் நம்பரா?’

‘இல்ல மதினி.’

‘அப்போ எந்திரிச்சு ஆபீசுக்குப் போ.’

வைத்துவிட்டாள்.

இருபத்தாறு நீங்கள்தான் அக்கா. போங்கள், பையனுடைய செருப்பு இங்கே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே டாக்டர் கேட்பார், எந்த மருந்தாவது ஆகாதா என்று. எல்லாம் ஃபாரத்தில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். வாயால் சொல்லுங்கள். நான் வருகிறேன், பஸ் திரும்புகிற சத்தம் கேட்கிறது.